அப்பிள் காக்கா போட்ட றோட்டு

மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையில் கடலைப் பார்த்துக்கொண்டு பிறந்தவர்களில் அப்பிள் காக்காவைப் போல ஒரு பிடிவாதக்காரரை அல்லாஹ் இரண்டாவதாகப் படைக்கவில்லை. படைத்திருந்தால் ஊர் தாங்கியிருக்காது. வியர்வை வடிய வடிய, மேசை மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பாமல் ஒரு கொம்பியூட்டரின் முதுகுக்குத் திருப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பமாட்டேன், ஆனாலும் எழுதுங்கள்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பறவையைத் தேட வேண்டாம். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. சோதனைச் சாவடிகளில் மட்டும் அதைப் பயன்படுத்தினார். சவூதியில் ஓர் அச்சகத்தில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டுத் திரும்பியபோது, மற்றவர்கள் கம்பளியும் அத்தரும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து இறங்க, இவர் ஓர் அப்பிள் கொம்பியூட்டரோடு வந்து இறங்கினார். கல்முனை ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளியைப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், பெயரைக் கேட்டுவிட்டு இரண்டு கிலோ பழம் வாங்க அவர் வாசலுக்கு வந்ததும் உண்டு.

அந்த அப்பிளை வைத்து, பாண்டிருப்பைச் சேர்ந்த கூட்டாளி யோகனோடு சேர்ந்து கல்முனை பசாரில் ஓர் அச்சகம் தொடங்கினார். நிக்காஹ் அட்டையும் அங்கேதான், தாலிகட்டு அட்டையும் அங்கேதான். ஒருமுறை பிறை போட வேண்டிய அட்டை முழுவதிலும் குத்துவிளக்கை அடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் இருவரும் ஒரு கறுப்புப் பேனையோடு குந்தி, முந்நூறு குத்துவிளக்குகளையும் ஒவ்வொன்றாகப் பிறையாக்க முயன்றார்கள். மாப்பிள்ளையின் வாப்பா வந்து பார்த்துவிட்டு, "இது என்ன, வாழைப்பழமா?" என்று கேட்டாராம்.

அந்த அச்சகம் ஒரு வருடம்தான் ஓடியது. பிறகு காலம் கெட்டது. இந்த ஊர்க்காரன் அந்த ஊருக்குப் போக யோசிக்கிற காலமாகிவிட்டது. யோகன் ஒரு பையோடு டென்மார்க்குக்குப் போனார். போகிற அன்று சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், அப்பிளை மட்டும் ஆருக்கும் குடுத்திராத. நான் வந்த உடன திரும்பத் தொடங்குவம்."

அவ்வளவு போதாதா நம் ஆளுக்கு? அப்பிளைப் பாயில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வீடு என்றால் பெண்சாதி வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குத்தான் போவான். அங்கே அதிகாரம் மாமியாருக்கு. மாமியின் முன்னறையில், நல்ல காற்று வரும் யன்னலோரமாக, இடுப்பில் உடுத்தும் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றைப் போர்த்திக்கொண்டு அப்பிள் குடியேறியது.

"மகன், இந்தச் சாமான் என்ன வேல செய்யும்?" என்று மாமி கேட்டார்.

"எல்லா வேலையும் செய்யும் மாமி."

"இப்ப என்ன செய்யுது?"

"இப்ப... யோகன் வரும்வரைக்கும் சும்மா இரிக்குது."

"சும்மா இரிக்கிறதுக்கு இந்த ஊட்டுல ஏற்கனவே ஆள் இரிக்கே," என்றார் மாமி. அச்சகம் மூடிய பிறகு மருமகனுக்கும் பெரிதாக வேலை இருக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

மாமி கெட்டவரல்ல. ஆனால் வேலை செய்யாத எதையும் வீட்டில் வைத்திருக்க அவருக்குப் பிடிக்காது. பழைய இரும்பு வாங்குகிறவன் தெருவில் கூவும்போதெல்லாம் அவர் முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். காக்கா எழும்பிப் போய் அப்பிளின் சாரனை இழுத்து மூடுவார்.

நான் அப்போது எதிர்வீட்டில் ஆறு மாதக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் விண்டோஸ். இருபத்திரண்டு வயதில் உலகத்தையே அறிந்தவன் நான் என்ற மிதப்பும் இருந்தது. ஒரு நாள் காக்கா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து ஒரு பெட்டியை என் மேசையில் வைத்தார். டென்மார்க்கிலிருந்து யோகன் அனுப்பிய விளையாட்டு சீடி. வெறும் நிலத்தில் ஓர் ஊரைக் கட்டும் விளையாட்டு. கூடவே ஒரு கடிதம்: "நீ ஒரு றோட்டுப் போடு, பிளொப்பியில ஏத்தி அனுப்பு. மறுகா நான் ஒரு றோட்டுப் போட்டு அனுப்புறன்."

பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். "காக்கா, இது விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும் எண்டு அடிச்சிரிக்கான். அப்பிள்ல ஓடா. இங்க வாங்க, என்ட மெசின்ல விளையாடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, வேலயில்லாத சாமானத்தான் மாமி இரும்புக்காரனுக்குக் குடுப்பா. இதுக்கு ஒரு வேலயக் குடுத்திட்டா ஒருத்தரும் கை வைக்க ஏலா. விளங்குதா? யோகன் வாற வரைக்கும் இது இரிக்கோணும். இது இல்லாட்டி அவன் எதுக்குடா வருவான்?"

எனக்கு விளங்கியது. ஆனால் அப்பிளுக்கு விளங்கவில்லையே. சீடியைப் போட்டால் ஒரு நிமிடம் உறுமிவிட்டு வெளியே தள்ளியது. "பசிக்கல்லயாம்," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஊட்டினார். மூன்று நாள் இப்படி ஊட்டலும் துப்பலும் நடந்தது.

அடுத்ததாக, விளையாட்டைச் செய்த கம்பனிக்கே கடிதம் எழுதினார். வீட்டில் இருந்த நல்ல தாள், அச்சகத்தில் மிஞ்சிய கலியாண அட்டைதான். தங்கக் கரை போட்ட அட்டையில், "உங்கள் விளையாட்டை அப்பிளுக்கும் செய்து தரவும்" என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் வரியில் அவருடைய திருமணத்துக்கு வாழ்த்து. இரண்டாவது வரியில், விண்டோஸ் கொம்பியூட்டர் ஒன்று வாங்கும்படி ஆலோசனை. முதல் வரியை வாசித்த அவருடைய பெண்சாதிக்கு விளக்கம் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு கிழமை பிடித்தது.

பிறகு கொழும்புக்குப் போனார். அப்பிளின் வயிற்றுக்குள் செருகினால் உள்ளேயே ஒரு விண்டோஸ் பிறக்கும் என்று ஓர் அட்டையைக் கடைக்காரன் காட்டினான். அது வேறு மொடலுக்கு உரியது. இவருடையதில் அதற்கு இடமில்லை. கடைசியில் சவூதிக் கூட்டாளி ஒருவன் ஒரு மென்பொருளை அனுப்பிவைத்தான். அப்பிளுக்குள் இருந்துகொண்டு, 'நான்தான் விண்டோஸ் கொம்பியூட்டர்' என்று நடிக்கிற சாமான் அது. நடிப்பதற்குக் கூடுதல் மெமறி வேண்டும் என்றது. காக்கா மறுபடியும் கொழும்புக்கு பஸ் ஏறினார்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் சிப்பாய் அந்தப் பச்சைத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "மெமறி, சேர். அப்பிளுக்கு," என்றார் இவர். ஒரு மணி நேரம் அங்கேயே இருத்திவைத்து விசாரித்தார்கள். முடிவில் தொழில் என்ற இடத்தில் பழ வியாபாரி என்று எழுதிக்கொண்டு விட்டார்களாம். "நான் மறுக்கல்ல. மறுத்தா இன்னொரு மணித்தியாலம் போகும்," என்றார் என்னிடம்.

என்னுடைய விண்டோஸ் சீடியைக் கொடுத்தேன். அது என்னிடம் எப்படி வந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தால், அல்லாஹ்வே, அப்பிளின் திரையில் விண்டோஸ்! காக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். மாமி திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப வேல செய்யுதா?" என்றார்.

வேலை செய்தது. எப்படி என்று கேளுங்கள். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஒரு துண்டு றோட்டுக்கு மவுசை அமர்த்தினால், பின்னேரம் அஸருக்கு பாங்கு சொல்லும்போது அந்தத் துண்டு திரையில் வந்து விழும். இடைப்பட்ட நேரமெல்லாம் ஒரு மணற்கடிகாரம். அப்பிள் சூடாகாமல் இருக்க மின்விசிறியை அதன் முதுகுக்குத் திருப்பிவிட்டு, அந்த மணற்கடிகாரத்துக்கு முன்னால் காக்கா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவைப் படாரென்று சாத்தக்கூடாது. மீன்காரன் அந்த வாசலில் மட்டும் ஹோர்ன் அடிக்கக்கூடாது.

"மகன், அது மூச்சு நிண்டு மௌத்தாப் போயிட்டா?" என்று மாமி குசினியிலிருந்து கேட்பார்.

"இல்ல மாமி. யோசிக்குது. சத்தம் போடாதீங்க."

மறுநாள் கரண்ட் போகும். பிளொப்பியில் இன்னும் ஏற்றி முடியாத, முந்தின நாள் போட்ட றோட்டும் அதோடு போகும். அவர் எழும்பி, முகம் கழுவி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நானாக இருந்தால் கொம்பியூட்டரைக் கடலில் போட்டிருப்பேன்.

இப்படி, டென்மார்க்குக்கும் கல்முனைக்கும் நடுவில் பிளொப்பி போவதும் வருவதுமாக ஓர் ஊர் வளர்ந்தது. அந்த விளையாட்டில் பள்ளிவாசலும் கிடையாது, கோயிலும் கிடையாது. மணிக்கூட்டுக் கோபுரம் பள்ளிவாசல், நூதனசாலை என்கிற மியூசியம் கோயில் என்று இருவரும் கடிதத்தில் முடிவுசெய்துகொண்டார்கள். சோதனைச் சாவடி என்றொரு சாமானே அதில் இல்லை. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. யோகன் நடு ஊரில் ஒரு பூங்கா போட்டு அனுப்பினால், "சந்தைக்கு வாற மாட்டுவண்டில் எல்லாம் உன்ட தலையிலயா நிக்கிற?" என்று இவர் நான்கு பக்கம் எழுதுவார். மாமியே ஒரு நாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "இவ்வளவு பெரிய ஊரக் கட்டிரிக்கீங்க, மீன் சந்தை எங்க?" என்று அதட்டினார். இரும்புக்காரன் கூவினால் அதற்குப் பிறகு அவர் முன்னறைப் பக்கம் திரும்புவதில்லை.

இனி நான் செய்த பாவத்துக்கு வருகிறேன். பள்ளிவாசலையும் கோயிலையும் இணைக்கும் றோட்டை காக்கா மூன்று கிழமையாகப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. பிளொப்பியையும் சீடியையும் இரவல் வாங்கி, என் மெசினில் பத்தே நிமிடத்தில் ஒரு நேரான றோட்டைப் போட்டு முடித்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "ஆரு போட்டது?"

"நான்தான் காக்கா. உங்களுக்கு லேசா இரிக்கட்டும் எண்டுதான்..."

"நேராப் போட்டிரிக்காய்."

"நேரா இரிந்தா நல்லந்தானே?"

"அடே, நானும் அவனும் சைக்கிள்ல போற றோட்டு வளைஞ்ச றோட்டுடா. அந்த முடக்குலதான் தேத்தண்ணிக் கடை. இது உன்ட றோட்டு. எங்கட றோட்டு இல்ல."

என் றோட்டைத் துண்டு துண்டாகக் கிளப்பி எறிந்தார். அதற்கே நான்கு நாள் போனது. பிறகு, வளைவோடு, முதலிலிருந்து போடத் தொடங்கினார். அந்த நான்கு நாளும் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மாமியிடம் தேங்காய்ப்பூ ரொட்டி கொடுத்தனுப்பினார். கோபம் தீர்ந்தது என்று அர்த்தம்.

அடுத்த வருடம் தன் தங்கச்சியின் கலியாணத்துக்காகப் பத்து நாள் லீவில் யோகன் வந்தார். ஒரு நாள் மதியம், லுஹர் முடிந்த கையோடு, பாண்டிருப்பிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து வாசலில் நின்றார். தொப்பை வைத்து ஆளே மாறிவிட்டார், காது மட்டும் பழைய காது என்றார் காக்கா. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் வாசல் கொடியில் காய்ந்த உடுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்து அப்பிளைக் கண்டதும் யோகனின் முகம் ஒருமாதிரி ஆனது.

"டேய்... இது இன்னும் கிடக்கா? பிளொப்பி வரத் தொடங்க, நீ புதுசு ஒண்டு வாங்கிட்டாய் எண்டுதான் நினைச்சன். அந்த விளையாட்டு இதிலயா ஓடுது?"

"பின்ன? எல்லாம் ஓடும்!"

யோகன் கதிரையில் சாய்ந்தார். "மச்சான், விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும் எண்டு பெட்டியிலயே போட்டிருக்கு. அதை வாசிச்சுப்போட்டுத்தான் நான் வாங்கினன்." "அங்க பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுதுகள். நான் இனித் திரும்பி வந்து அச்சகம் போடுறதெண்டு ஒண்டு இல்லடா. அதை எழுத எனக்குக் கை வரல்ல. இதில ஓடாத விளையாட்டை அனுப்பினா, நீயே சலிச்சுப்போய் இதை வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு வாங்குவாய், என்ட பேச்சுக்குக் காவல் இருக்கமாட்டாய் எண்டு நினைச்சன்."

குசினியில் மாமி சட்டி கழுவுவதை நிறுத்திவிட்டார். எனக்கு எங்காவது ஓடிப்போனால் நல்லது என்றிருந்தது. ஊட்டி ஊட்டி, பஸ் ஏறி ஏறி, பழ வியாபாரியாகி, கரண்டோடு மல்லுக்கட்டி, இந்த மனிதர் காத்ததெல்லாம் இதற்கா?

காக்கா சாரனை எடுத்து மடித்து வைத்தார். அப்பிளின் சுவிட்சைப் போட்டார். அது உறுமி, யோசித்து, நடிக்கத் தொடங்கி, அந்த ஊர் மெதுவாகத் திரையில் விரிந்தது: மணிக்கூட்டுக் கோபுரம், நூதனசாலை, நடுவில் அந்த வளைந்த றோட்டு. வளைவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வெறுமையாகக் கிடந்தது.

"சரி, வராட்டிப் பறவாயில்ல," என்றார். "அச்சகத்த எங்க வைக்கிற எண்டு மட்டும் சொல்லிட்டுப் போ. இந்த இடத்த உனக்குத்தான் உட்டு வச்சிரிக்கன்."

யோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மவுசைப் பிடித்தார். அந்த முடக்கில், தேத்தண்ணிக் கடைக்குப் பக்கத்தில், ஒரேயொரு தரம் அமர்த்தினார். மணற்கடிகாரம் வந்தது. இருவரும் ஒரே வாங்குப் பலகையில், தோளோடு தோள் இடிக்க, மூச்சை அடக்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஸருக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. மாமி தேத்தண்ணியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

இன்று என்னிடம் இருக்கும் கொம்பியூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் செய்யும். எப்போதாவது அதுவும் திக்கி நின்றால், வீட்டில் பிள்ளைகள் அதைத் தட்டப் போவார்கள். நான் அவர்களின் கையைப் பிடித்து, "தட்டாதீங்க, யோசிக்குது," என்கிறேன். பிறகு எழும்பிப் போய், மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுகிறேன்.