மாமனாரின் தபலாவும் நான் வாங்கிய சப்வூஃபரும்

எலெக்ட்ரானிக்ஸ் படித்த மருமகள் வீட்டில் இருந்தால், மிக்சி முதல் டிவி ரிமோட் வரை எல்லாமே அவள் தலையில்தான் விடியும். நானும் எல்லாம் தெரிந்த மாதிரியே நடமாடிக்கொண்டிருந்தேன். (நான் படித்ததற்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

என் மாமனார், உத்தமபாளையம் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் பாடகர் குழுவுக்குத் தபலா வாசிப்பவர். கிறிஸ்துமஸ் பூசையில் அவர்கள் பாடியதை யாரோ நல்ல மைக் வைத்துப் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். அதைக் குழுவோடு உட்கார்ந்து கேட்க அவருக்கு ஆசை. ஆனால் வீட்டு ஸ்பீக்கரில் வலது கை மட்டும் டிக் டிக் என்று கேட்டது. இடது கையின் கனத்த தட்டு கேட்கவே இல்லை.

"ஆத்தா, பாட்டு கேக்கத்தேன், படம் பாக்க இல்ல. எடது கை கேட்டாப் போதும்" என்று சொல்லித்தான், கனத்த சத்தத்தை மட்டும் எடுத்துக்கொடுக்கும் சப்வூஃபர் பெட்டி வாங்க என்னைத் தேனிக்கு அனுப்பினார்.

கடையில் இரண்டு பெட்டிகள் காட்டினார்கள். ஒன்று சின்னது, எல்லாப் பக்கமும் மூடியது. "பாட்டுக்கு இதுதான் மேடம்" என்றார் கடைக்காரர். அதில் ஒவ்வொரு தட்டும் கேட்டவுடன் இழுக்காமல் அடங்கிவிட்டது. எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. இன்னொன்று இடுப்பு உயரம், பின்னால் கை நுழைகிற ஓட்டை, ஹோம் தியேட்டருக்கானது. ஒரு படத்தில் பாலம் வெடிக்கிற காட்சியைப் போட்டுக் காட்டினார். என் வயிறே குலுங்கியது. வெடிக்கே இப்படி என்றால் தபலாவுக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு, அதையே வாங்கிவந்தேன். ஹாலின் மூலையில் சுவரோடு ஒட்டிவைத்து, சத்தம் கூட்டும் குமிழையும் முழுசாகத் திருகிவிட்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து குழு மொத்தமும் வந்து உட்கார்ந்தது. பாட்டு ஆரம்பித்தது. பதிவில் மாமா ஒரு தட்டு தட்டினால் பெட்டி மூன்று தட்டு நேரத்துக்கு முழங்கியது. முதல் தட்டு அடங்குமுன் அடுத்தது வந்து அதன் மேல் விழுந்தது. லாரியிலிருந்து பலாப்பழம் இறக்குகிற மாதிரி இருந்தது. ஜன்னல் கதவு வேறு தன் பங்குக்குத் தாளம் போட்டது.

கீபோர்டு வாசிக்கும் அந்தோணி மெதுவாகக் கேட்டார். "அண்ணே, தாளம் தப்புதே. அன்னைக்கு ஒடம்புக்கு முடியாமயா வாசிச்சீக?"

"அண்ணனுக்கும் வயசாகுதுல்ல. ஈஸ்டருக்கு வேற ஆளப் பாப்பமா?" என்றார் இன்னொருவர்.

மாமா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா மேல தப்பில்ல. படத்துக்கு உள்ள பொட்டிய நாந்தேன் வாங்கியாந்துட்டேன்" என்றேன். யாரும் நம்பவில்லை. "மருமக விட்டுக்குடுக்காமப் பேசுது" என்று அந்தோணி பாராட்டினார். (பாராட்டு வாங்குகிற நேரமா அது!)

ஓடிப்போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். பழைய ஸ்பீக்கரில் மட்டும் மெலிசாக, ஆனால் இம்மியும் பிசகாமல் மாமாவின் வலது கை கேட்டது. அந்தோணி தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். "அண்ணே சரியாத்தேன் வாசிச்சிருக்காக" என்றார்.

மறுநாள் மாமாவே கூட வந்து சின்னப் பெட்டியாக மாற்றி வாங்கினார். அதில் அவர் இடது கை தட்டுத் தட்டாகக் கேட்டது. ஈஸ்டருக்கும் அவர்தான் வாசித்தார். அன்றிலிருந்து குழுவில் யார் தாளம் தப்பினாலும், "எம் மேல தப்பில்ல, அண்ணன் மருமக வாங்குன பொட்டி!" என்கிறார்கள். போன வாரம் ஒத்திகையில் உண்மையாகவே தப்பவிட்டது மாமா. மற்றவர்கள் வாயைத் திறக்குமுன், பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைக் கைகாட்டிவிட்டு, அவர் பாட்டுக்கு வாசிக்க ஆரம்பித்தார்.