பீரோவில் ஒரு கிளி

கீறல் ஒரு புருவ நீளம்தான். ஆனால் அது மனைவியின் புது மரப்பீரோவில் இருந்ததால், பல் டாக்டர் அதை மூன்று முறை துடைத்துப் பார்த்தார். காலையில் ஏணியை நகர்த்தியபோது தான்தான் இடித்திருக்க வேண்டும் என்று தனக்குத் தானே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

பீரோ வந்து நாலு நாள்தான் ஆகிறது. அவர் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் சேர்ந்ததிலிருந்து சோபா, ஜன்னல் திரை, பூனை என்று எல்லாவற்றிலும் வண்ணம் பட்டுவிட, மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்: "இன்னும் ஒரு பொருள் வீணாச்சுன்னா, பெயின்ட் டப்பா குப்பைக்கு, வகுப்புக்கு முழுக்கு." வகுப்பும் போனால் அவருக்கு வாழ்க்கையில் அடுத்தவர் பற்கள் மட்டுமே மிஞ்சும்.

வெளியே போயிருந்த அவள் திரும்ப இரண்டு மணி நேரம் இருந்தது. போன வாரம் வகுப்பில் கற்ற காகித ஒட்டு வேலையை நம்பி, பூப்போட்ட காகிதத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியை வெட்டிக் கீறல்மேல் ஒட்டினார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும் என்பது பாடம். பதற்றத்தில் ஓரத்திலிருந்து நடுவுக்கு நீவிவிட்டார். வண்ணத்துப்பூச்சிக்கு வயிறு உப்பிக்கொண்டது.

சோபாவில் இருந்த மாமனார் படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கிப் பார்த்தார். "மாப்பிள்ளை, அதுக்கு எத்தனாவது மாசம்?"

"வெறும் காத்து மாமா. எடுத்துடலாம்."

தொழில் புத்தி போகுமா? பல்லை நோண்டும் கொக்கியால் ஒரு குத்து. காற்று இறங்கியது. கொக்கியும் மரம்வரை இறங்கி இழுத்துவிட்டது. இப்போது கீறல் இரண்டு.

ஓவிய டீச்சருக்குப் போன் போட்டார். "புதுசா கத்துக்கறவங்க தப்பை அழிக்கக் கூடாது சார். அதையே அலங்காரமா மாத்திடணும்" என்றார் டீச்சர்.

மாற்றினார். இரண்டாவது கீறல்மேல் ஓர் இலை. இலை அந்தரத்தில் நிற்குமா? கிளை வரைந்தார். வண்ணத்தில் தண்ணீர் கூடிப்போய்க் கிளை ஒழுகியது. ஒழுகலை அடிமரமாக்கினார். இவ்வளவு பெரிய மரத்துக்கு இலை வேண்டாமா? காகிதம் தீர்ந்திருந்தது. மாமனார் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவருடைய குறுக்கெழுத்துப் பக்கம் இலைகளானது. அவசரத்தில் தூரிகை நழுவிப் பச்சையாக ஒரு திட்டு விழ, அதற்கு மூக்கு வைத்தார்.

"அந்தச் செருப்பு ஏன் மரத்துல உக்காந்திருக்கு?"

"அது கிளி மாமா."

"சரி. என் குறுக்கெழுத்து எங்க?"

"கிளிக்குப் பக்கத்துல."

மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மரத்தடியில் நின்று விடைகளை நிரப்பத் தொடங்கினார்.

அப்போதுதான் மனைவி வந்தாள். வந்தவள் பையை இறக்காமல், அவருடைய கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் போல வாயைத் திறந்தபடி நின்றாள்.

"சின்னக் கீறல்தான்... காலையில ஏணி பட்டு... நான்தான்..." டாக்டர் தூரிகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வகுப்பை மட்டும் நிறுத்திடாத."

அவளுக்குப் பின்னாலிருந்து மரச்சாமான் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"வந்த அன்னைக்கே கீறல் இருந்துச்சுன்னு அம்மா போன் பண்ணாங்க சார், அதைக் கொஞ்சம் காட்டுனீங்கன்னா, ஒரு போட்டோ எடுத்துட்டு, கீழ வண்டியில இருக்கற புது பீரோவை மேல ஏத்திடுவோம்."