நிற்பது எப்படி?

ஸ்கேட்டிங் ஷூவின் பின்பக்கம் இருக்க வேண்டிய ரப்பர் கட்டையைக் காணோம்.

பல் டாக்டர் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். இடது காலைத் தூக்கிப் பார்த்தாள். காலுக்கு நான்கு சக்கரங்கள், ஒரே வரிசையில், வழவழவென்று இருந்தன. பதினைந்து நாளாக வீடியோ பார்த்து அவள் மனப்பாடம் செய்தது ஒரே விஷயத்தைத்தான்: குதிகாலில் இருக்கும் ரப்பரைத் தரையில் அழுத்தி நிற்பது எப்படி.

"இதுல பிரேக் கழண்டு விழுந்துடுச்சு போலிருக்கே," என்றாள் ஷூ கொடுப்பவரிடம்.

"விழல மேடம். வேகமா ஓடுற ஷூவுல பிரேக்கே கிடையாது."

"அப்போ எப்படி நிக்கிறது?"

"அதைக் கோச் வந்து சொல்லித் தருவார். இப்போ வந்துடுவார். நீங்க உள்ளே போய் ஓரமாப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

எல்லாம் வாயால் வந்த வினை. போன மாதம் அந்தக் கோச் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்து, நாற்காலியில் நடுநடுங்கினார். அவர் பயத்தைப் போக்க, "இதுக்கே இப்படியா? ஒண்ணும் ஆகாது. நான்கூட உங்ககிட்ட வந்து ஸ்கேட்டிங் கத்துக்கிறேன் பாருங்க," என்று சொல்லித் தொலைத்தாள். பல் போனது, சொன்ன சொல் தங்கிவிட்டது. அவர் விடாமல் அவள் பெயரையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு விழுவதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. கவலையெல்லாம் கையைப் பற்றித்தான். க்ளினிக்கில் அவளை விட்டால் வேறு டாக்டர் கிடையாது. மணிக்கட்டு ஒன்று முறிந்தால் மூன்று மாதம் கதவைச் சாத்த வேண்டியதுதான். வேர் சிகிச்சை பாதியில் நிற்கும் பதினொரு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக அலைவார்கள். அதனால்தான் தலைக்கவசம், முட்டிக்கும் முழங்கைக்கும் உறை, மணிக்கட்டில் ஒன்றுக்கு இரண்டாகக் காப்பு. ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாத நிலையில் கை பத்திரமாக இருந்தது.

அரங்கத்தின் ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பார்வையாளர் வரிசையில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். வரைபட நோட்டும் தடித்த பேனாவும் இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்.

டாக்டர் மெத்தை வைத்த சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முட்டி மடங்கியிருக்கணும், பார்வை முன்னால் இருக்கணும், பின்பக்கமாச் சாயவே கூடாது என்று வீடியோ பாடத்தை முணுமுணுத்தாள்.

அப்போதுதான் ஆறு பேர் உள்ளே வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீலச் சட்டை. முதுகில் ஒரே எழுத்து. பேசாமல் கொள்ளாமல் அவளுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

'போட்டிக் குழு!' என்று நினைத்துக்கொண்டாள். இவர்கள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கலாமா? எதிர் மூலையில் இருந்த பெஞ்சுக்குப் போய்விடலாம் என்று சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

அது முதல் தப்பு. பெஞ்சு வந்தது, போனது. சக்கரம் தன் பாட்டுக்கு உருண்டது.

பயத்தில் உடம்பு தன்னால் குனிந்தது. இருபது வருஷமாக அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே பழகிய உடம்பு. முட்டியை மடக்கி முதுகைத் தாழ்த்து என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின்னால் கடகடவென்று ஆறு ஜோடி ஷூக்களின் சக்கரச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று அவள் திரும்பவே இல்லை.

'நான் விழுந்தா ஆறு பேரும் என் கைமேலதான் ஏறுவாங்க.'

வேகமாகப் போய்த் தப்பிக்கப் பார்த்தாள். பின்னாலும் வேகம் கூடியது. சுவரைப் பிடிக்கலாம் என்று வெளிப்பக்கம் ஒதுங்கினாள். சத்தமும் வெளிப்பக்கம் ஒதுங்கியது. சுவரோடு சேர்த்து நசுக்கிவிடுவார்கள் என்று அலறியடித்து உள்பக்கம் வந்தாள். சத்தமும் வந்தது.

"கிட்ட வராதீங்க!" என்று கத்தினாள்.

"சரிங்க!" என்று ஆறு குரல் ஒன்றாகப் பதில் சொன்னது.

என்ன ஒரு கட்டுப்பாடு! அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"குனி, குனி, இன்னும் குனி!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் குனிந்தாள். சற்று முன்னால் துடைப்பத்தோடு ஒரு அம்மாள் ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். எவ்வளவு ஓடியும் அந்த அம்மாளைத் தாண்ட முடியவில்லை. காதில் காற்று அடிக்கிற நேரத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

முன்னால் போய்விடுங்கள் என்று ஒரு கையை வீசிக் காட்டினாள். யாரும் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் மட்டும், தனக்குத்தான் காட்டினாள் என்று நினைத்து, மாற்றி மாற்றிக் கையசைத்தார். அடுத்த சுற்றில் நோட்டைத் தூக்கிக் காட்டினார்.

"சூப்பர்!" சுற்றிலும் பூ வேலைப்பாடு வேறு.

அவள் காலைச் சுட்டிக்காட்டி, நிறுத்தணும் என்பதுபோல உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அடுத்த சுற்று: "கால் வலிக்குதா?"

இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள்.

அடுத்த சுற்று: "பத்து சுத்தா? பலே!"

டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாய் நிறைய பஞ்சை வைத்துக்கொண்டு கையை ஆட்டும் நோயாளிகளிடம் இருபது வருஷமாக, "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு," என்று சொல்லி வந்திருக்கிறாள். அவர்கள் என்னதான் சொல்ல வந்தார்கள் என்று இன்றுதான் முதல்முறையாக யோசித்தாள். க்ளினிக்கில் காலால் மிதித்தால் டிரில் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். இங்கே காலை எடுத்தால் டாக்டரே போய்விடுவாள்.

கண்ணாடியை நெருங்கும்போது வாயை ஆவென்று திறந்து, எழுத்து எழுத்தாக, சத்தமே வராமல் சொன்னாள்: "நி... று... த்... த... ணும்!"

கணவர் முகம் வெளுத்தது. பேனா கீழே விழுந்தது. போனைக் காதில் வைத்தார்.

அடுத்த சுற்று: "கோச் டிராஃபிக்கில்." பூ வேலை இல்லை.

அடுத்த சுற்று: "போனில் சொல்கிறார். முட்டியை மடக்கு."

'மடங்கித்தான் இருக்கு, மேல சொல்லுங்க!'

அடுத்த சுற்று: "உடம்பு பாரம் முன்காலில்."

அடுத்த சுற்று: "பின்காலைக் குறுக்கே திருப்பி..."

திருப்பி? திருப்பி என்ன செய்ய வேண்டும்? அரங்கத்தை முழுக்கச் சுற்றி வரும்வரை அவள் உயிர் அந்த மூன்று புள்ளியில் தொங்கியது. வந்து பார்த்தால் தாள் காலி. கணவர் மை தீர்ந்த பேனாவை உதறு உதறென்று உதறிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த சுற்றில் பென்சிலால் எழுதியிருந்தது தெரியவில்லை. அவர் அதன்மேலேயே தடிமனாகத் தீட்டிக் காட்ட இன்னொரு முழுச் சுற்று போக வேண்டியிருந்தது.

"தரையில் மெதுவா உரசி இழு. தானா நின்னுடும்."

அவ்வளவுதானா! டாக்டருக்கு உயிர் திரும்பி வந்தது. பின்காலைத் திருப்பப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர் இரண்டு கையையும் ஆட்டி, கடைசித் தாளை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அதுக்கு முன்னாடி பின்னால வர்றவங்ககிட்ட சொல்லிடு. இல்லேன்னா மேலே மோதிடுவாங்க!"

நியாயம்தான். பதினொரு பேரின் கடைவாய்ப் பற்களை மனதில் நினைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே உரக்கக் கத்தினாள்.

"தயவுசெஞ்சு கேளுங்க! நான் இப்போ நிக்கப் போறேன்! நீங்கள்லாம் என்னைத் தாண்டிப் போயிடுங்க!"

பின்னால் சக்கரச் சத்தத்துக்கு நடுவே கசமுசவென்று பேச்சு எழுந்தது. பிறகு, அவளுக்கு நேர் பின்னால் இருந்த குரல், மூச்சு வாங்க, அழாத குறையாகச் சொன்னது:

"தாண்டி எங்கே போறது? நீங்க எப்படி நிக்கிறீங்கன்னு பாத்து நிக்கத்தானே இவ்வளவு நேரமாப் பின்னாடியே வர்றோம்... ஆபீஸ்லேர்ந்து ஆறு பேரும் இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கோம், கோச்!"