வருகை குறைவு

“எனக்கு வயித்துப்போக்கு வேணவே வேணாம்” என்று டீக்கடைக்காரர் முரண்டு பிடித்தார். “டீக்கடை நடத்தறவன் நான். விஷயம் வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவனாவது கிளாஸைத் தொடுவானா?”

தையலக்கா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். “சரிண்ணே, தலைச்சுத்தல் எடுத்துக்கங்க. ஆனா கேட்டதும் சுத்தணும். யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.”

“அதை எனக்குன்னு நேத்தே சொல்லிட்டீங்களேக்கா!” என்று பின்னாலிருந்து மாவு மில்காரர் குரல் கொடுத்தார்.

சுகாதார நிலையத்து வாசலில் வியாதிப் பங்கீடு காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தது. துணி வெட்டுவதுபோல ஆளுக்குத் தக்கபடி வெட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்த தையலக்காவுக்குத் தலை நிஜமாகவே சுற்ற ஆரம்பித்தது. சும்மா கிடைக்கிற வியாதியில்கூட நல்லதாகப் பார்த்து எடுக்கிற ஊர் அது.

அவளுடைய தையல் கடைக்கு நேர் எதிரே இருந்தது அந்தக் கட்டிடம். போர்டு உண்டு, நாற்காலி உண்டு, நாற்காலிக்குத் துண்டுகூட உண்டு. டாக்டர்தான் இல்லை. மனு மேல் மனு எழுதி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு பதிலை வாங்கினாள். நோயாளிகள் வருகை குறைவாக இருப்பதால் மருத்துவரை அனுப்ப இயலாது என்று அதில் இருந்தது. டாக்டர் இல்லாததால் யாரும் போவதில்லை. யாரும் போகாததால் டாக்டர் இல்லை. படித்த கோபத்தில் அன்றைக்குத் தைத்த சட்டையின் பையை முதுகுப் பக்கம் வைத்துவிட்டாள்.

வீட்டில் மகள் நிறைமாதமாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற டவுனுக்கும் ஊருக்கும் நடுவே கிடந்த ரோட்டை நம்பத் தையலக்கா தயாராக இல்லை. பிரசவத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் ஒரு டாக்டரை உட்கார வைத்தே தீருவது என்று சபதம் எடுத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் நர்ஸம்மாவுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்தது. “திங்கட்கிழமை ஒருத்தர் வர்றாராம். குவார்ட்டர்ஸைச் சுத்தமா கூட்டி வைக்கச் சொன்னாங்கக்கா. யாரு, எவருன்னு கேக்கறதுக்குள்ள வச்சுட்டாங்க.”

“வேற யாரு? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற ஆபீசர்தான்” என்றாள் தையலக்கா. அந்த ஊருக்கு மேலிடத்திலிருந்து வேறு யாரும் வந்து பழக்கமில்லை. “கூட்டமே இல்லைன்னு தானே எழுதினாங்க? காட்டறேன் கூட்டத்தை.”

“உண்மையைச் சொல்லியே கேக்கலாமேம்மா” என்றாள் மகள்.

“சொன்னேனே. அதுக்குத்தான் இந்தப் பதில் வந்துச்சு.”

ஆக, திங்கட்கிழமை காலையில் ஊர் நோயாளியானது. பங்கீட்டில் சண்டை முற்றியதும் தையலக்கா கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தாள். “யாருக்கும் எதுவும் வேணாம். எல்லாரும் கால்வலின்னு சொல்லிருங்க. நொண்டினா போதும்.”

அடுத்ததாக, டாக்டர் தங்குவதற்கென்று பின்னால் இருந்த குவார்ட்டர்ஸைப் பார்க்கப் போனவள் தலையில் அடித்துக்கொண்டாள். நர்ஸம்மா சொன்னபடி கூட்டிப் பெருக்கி, கதவைக்கூடத் துடைத்து வைத்திருந்தாள்.

“என்ன காரியம் பண்ணினீங்க நர்ஸம்மா! இதைப் பார்த்தா ‘எல்லாம் சிறப்பா இருக்கு’ன்னு எழுதிட்டுப் போயிருவாரு.”

“கூட்டச் சொன்னாங்களேக்கா…”

“அவங்க சொல்வாங்க. நாம உள்ளதைக் காட்டணும்.” குப்பைக்குழியிலிருந்து சருகை அள்ளி வந்து அறை முழுக்கத் தூவினாள். கூரையிலிருந்து விழுந்து உடைந்த ஓடுகளை மூலையிலிருந்து எடுத்து, கட்டில் போடுகிற இடத்தில், வானம் தெரிகிற சந்துக்கு நேர் கீழே கொண்டுவந்து போட்டாள். உள்ளதைக் காட்டுவது என்பது எவ்வளவு வேலை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

முதுகை நிமிர்த்துவதற்குள் ஆள் வந்துவிட்டார்.

சின்ன வயசு. தோளில் ஒரு பை, இடது காலில் முட்டிவரை சேறு. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். ஜீப்பில் வராத ஆபீசரைத் தையலக்கா வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். ரகசியமாகச் சோதிக்க வந்திருக்கிறார், கெட்டிக்காரர்தான் என்று உஷாரானாள்.

“வணக்கம்மா. நான் வந்து…”

“நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும் சார். நீங்க முதல்ல கூட்டத்தைப் பாருங்க.”

பார்த்தார். வாசலிலிருந்து கேட் வரைக்கும் வரிசை நின்றது. அவரைக் கண்டதும் வரிசை மொத்தமும் நொண்டியது.

“எல்லாருக்கும் இடது கால்லயே வலியா?” என்று அவர் கேட்டார்.

தையலக்காவுக்குத் திக்கென்றது. எந்தக் கால் என்று அவள் சொல்லியிருக்கவில்லை. முதல் ஆள் இடது காலை நொண்ட, பின்னால் நின்றவர்கள் அப்படியே பார்த்து எழுதியதுபோல நொண்டிவிட்டார்கள்.

“ரோடு சார்! நம்ம ரோட்டுல குழியெல்லாம் இடது பக்கம்தான்.”

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சந்தேகமே படவில்லை.

“தினமும் இவ்வளவு பேர் வருவாங்களா?”

“இது கம்மி சார். சந்தை நாள்ல நிக்க இடம் இருக்காது. ராத்திரியும் வந்து கதவைத் தட்டுவாங்க.”

அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. சரியான இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்று தையலக்காவுக்கு உற்சாகம் பிறந்தது.

“டாக்டர் தங்கற இடம்னு ஒண்ணு…” என்று அவர் இழுத்தார்.

“வாங்க, கண் குளிரப் பாருங்க.”

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சருகைப் பார்த்தார், ஓடுகளைப் பார்த்தார், மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தார்.

“பாம்பு ஏதாவது…”

“பாம்பைப் பத்திப் பயமில்ல சார், அது பாட்டுக்கு வரும், போகும்” என்று டீக்கடைக்காரர் முந்திக்கொண்டார். வியாதி கிடைக்காத வருத்தத்தில் இருந்தவருக்கு இப்போதுதான் பேச வாய்ப்பு.

“இதுக்கு முன்னால இருந்த டாக்டர் என்ன ஆனாரு?”

“ஓடிட்டாரு சார்” என்றாள் தையலக்கா. “ராத்திரியோட ராத்திரியா ஓடிட்டாரு. அடுத்து வர்றவரை நாங்க அப்படி விடறதா இல்ல. இதையும் குறிச்சுக்கங்க.”

அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பையை மறுபடியும் தோளில் மாட்டினார். “அடுத்த பஸ் எப்போம்மா?”

தையலக்கா இந்தக் கேள்வியை முன்பே கேட்டிருக்கிறாள். போன தடவை வந்த ஆபீசர் இதையே கேட்டார், பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னார், போனவர் போனவர்தான். அவள் நர்ஸம்மாவின் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினாள். நேராக நடந்துபோய் கேட்டைப் பூட்டினாள்.

“அக்கா, அவரு அரசாங்க ஆபீசர்!” நர்ஸம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். “வேலைக்கு உலை வச்சிராதீங்க.”

“உங்க மேல ஒண்ணும் வராது. பூட்டினது நான்.” அவள் திரும்பி அந்த இளைஞரைப் பார்த்தாள். “சார், ஒண்ணு சொல்லிடறேன். இங்க நிக்கற பாதிப் பேருக்கு ஒண்ணும் கிடையாது. நொண்டினதெல்லாம் நடிப்பு.”

வரிசையில் சிலர் அவசரமாகக் காலை நேராக்கினார்கள். மாவு மில்காரர் மட்டும் விவரம் தெரியாமல் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நடிக்க வச்சது நான். ஏன்னா வருகை குறைவுன்னு எழுதினாங்க.” வரிசை ஓரமாக நின்ற மகளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள். “இவ நடிக்கல. போன மழையில மில்காரரோட தங்கச்சிக்கு அந்த ரோட்டுலயே, டிராக்டர்லயே பிரசவம் ஆச்சு. தாயும் பிள்ளையும் பிழைச்சது எங்க அதிர்ஷ்டம். இவளுக்கும் அதிர்ஷ்டத்தை நம்பி நான் உக்கார்ந்திருக்கணுமா? வரி மட்டும் அதிர்ஷ்டத்தைப் பார்த்தா வாங்கறீங்க?”

குரல் உடைந்துவிட்டது. அதைக் கோபமாக மாற்றிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயமாக இருந்தது அவளுக்கு. அவ்வளவு நாளும் பயம்தான் அவளை ஆபீஸ் ஆபீஸாக நடக்க வைத்தது.

அவர் தோளிலிருந்து பையை மெதுவாக இறக்கினார். மகளின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், “கால் எப்பலேர்ந்து வீங்கியிருக்கு?” என்று கேட்டார். “தலைவலி இருக்கா? கண் மங்கலாத் தெரியுதா?”

“அதையெல்லாம் கேக்க டாக்டர் வருவாரு சார்” என்று தையலக்கா வெடுக்கென்று குறுக்கே வந்தாள். “நீங்க எழுதற வேலையைப் பாருங்க. எழுதிக் குடுத்தாத்தான் கேட்டைத் திறப்பேன்.”

“அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம்…”

“எழுதுங்க.”

நர்ஸம்மா தாளும் பேனாவும் கொடுத்தாள். அவர் துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையைப் பார்த்தார், குவார்ட்டர்ஸ் இருந்த திசையைப் பார்த்தார், பூட்டிய கேட்டைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

தையலக்கா உரக்கப் படித்தாள். “இந்த ஊருக்கு ஒரு டாக்டர் நிச்சயம் போதாது. உடனடியாக இன்னொருவரையும் அனுப்பவும்.”

ஊர் ஆரவாரம் செய்தது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ என்று அறிவித்துவிட்டு, அறிவித்த வாயை உடனே பொத்திக்கொண்டார். ஒருவரைக் கேட்டால் இருவரைத் தருகிற அரசாங்கத்தை அந்த ஊர் பார்த்ததில்லை.

“பார்த்தீங்களா நர்ஸம்மா?” தையலக்கா தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். “கேக்கற விதத்துல கேட்டா வழிக்கு வர்றாங்க. இனி இதை வச்சுக்கிட்டு மேலிடத்தை உலுக்கறேன். டாக்டர் வர்ற வரைக்கும் அந்த ஆபீஸ் வாசல்லயே தையல் மிஷினைப் போடறேன்.”

கேட்டுக்கு வெளியே ஒரு மினி லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பகல்லயே ஆஸ்பத்திரியைப் பூட்டி வச்சிருக்கீங்க? புது டாக்டரோட கட்டிலும் பீரோவும் கொண்டாந்திருக்கேன். காலையில பஸ்லயே வந்துட்டாராமே, இன்னும் அவரை உள்ள விடலையா?”