பிரசவ ஜீப்பும் நான் பெற்றெடுத்த பொன்னுத்தாயும்

கொடைக்கானல் பஜார்,
செவ்வாய்க்கிழமை, விடாத மழை.

அன்பு மருமகள் ஸைமாவுக்கு, ஸ்வெட்டர் சக்கரவர்த்தியும் உன் ஒரே தாய்மாமனுமாகிய கிபாயத்துல்லா எழுதிக்கொள்வது: அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே குளிரும் நானும் சுகம். உன் டிரஸ்ட்தான் சுகமில்லை.

சென்னைப் பயிற்சிக்குக் கிளம்பும்போது நீ என்ன சொன்னாய்? "மாமு, நன்கொடை தந்தவங்களுக்கு நன்றி லெட்டர் மட்டும் போடுங்க. ரெண்டே வரி. உள்ளதை உள்ளபடி." எல்லோருக்கும் அப்படியேதான் போட்டேன் தாயி. ஆனா மலைக்காட்டுப் பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற நம்ம ஜீப்புக்கு மாசாமாசம் டீசல் போடுற திருப்பூர் சேனாதிபதி ஐயாவுக்கு ரெண்டு வரி எழுத எனக்குக் கை கூசிச்சு. ஒன்பது பக்கம் எழுதினேன். ஜீப்பு மேகத்துக்கு மேலே பறந்ததாகவும், கூக்கால் வளைவில் புலி ஒதுங்கி நின்று வழிவிட்டதாகவும், ஜீப்புக்குள்ளேயே ஒரு பெண் குழந்தை பிறந்து, அதுக்கு அவருடைய காலமான மனைவி பொன்னுத்தாய் பேரையே வச்சதாகவும். புலியை அவர் நம்பலை. பிள்ளையை நம்பிட்டாரு.

நேத்து வெள்ளனே வத்தலக்குண்டுல இருந்து போன். "பாய், மலையேறுறேன். பொன்னுத்தாயியைப் பாக்கணும்." நாலு ஸ்வெட்டருக்குள்ள எனக்கு வேர்வை வைகையா ஓடுச்சு. வெரசா கூக்கால் கந்தம்மாளைப் போன்ல பிடிச்சு, "உன் பேரப்பிள்ளையை அரைமணி நேரம் கடன் குடு தாயி, ஒரு சோலி இருக்கு"ன்னேன். என்ன சோலின்னு சொல்றதுக்குள்ள சிக்னல் போச்சு. ஐயாவோட கார்லயே அங்க போயிச் சேர்ந்தா, அவர் பிள்ளையை மடியில வாங்கி, வெள்ளிக் கொலுசை எடுத்து மாட்டி, "பொன்னுத்தாயி"ன்னு கூப்பிடுறாரு. கந்தம்மா விட்டாளா? "யாருங்க பொன்னுத்தாயி? இவன் குமரகுரு! ஆம்பளைப் பயலுக்குக் கொலுசு மாட்டுறீக! ஏன் பாய், என்ன கூத்து இது?" பயலும் தன் பங்குக்கு அவர் வேட்டி மேலேயே சாட்சி சொல்லிட்டான்.

அவர் திட்டியிருக்கலாம். திட்டலை. கொலுசைக் கழற்றிக் கைக்குட்டையில மடிச்சாரு. "மூணு மாசமா அவ போட்டோகிட்ட தினம் சொல்லிட்டிருந்தேன் பாய், உம் பேரு மலையில வளருதுன்னு." அவ்வளவுதான். கார்ல ஏறிட்டாரு. டீசலைப் பத்திக் கேக்க எனக்கு வாய் ஏது?

ஜீப்பில இருக்கிற டீசல் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வரும். மன்னவனூர் ஜெயப்பிரியாவுக்கு அடுத்த வாரம் பிரசவத் தேதி. அங்கிருந்து பஸ்ஸை நம்பியா அவ வலியெடுத்து வருவா? உள்ளதையே எழுதியிருக்கலாம் ஸைமா. அந்த லெட்டருக்கு முன்னாடியே பதினோரு பேரை ஏத்திட்டுப் போயிருந்துச்சு அந்த ஜீப்பு. பதினோரு பேரும் பிள்ளையோட வீடு திரும்பினாங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சேர்த்தேன்? ஒரு கிழவருக்கு இல்லாத பேத்தியைக் குடுத்து, குடுத்த கையோட பிடுங்கிட்டேன்.

காலையில அந்தப் பதினோரு பேர் கணக்கையும் சொல்லி, அவருக்கு மன்னிப்புக் கேட்டு வாட்ஸப் அனுப்பியிருக்கேன். இனி என் ஆயுள் உள்ளவரை ஒரு சொல் கூட்டி எழுத மாட்டேன். இது சத்தியம்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் எனக்குக் குட்டைப் பேனாவையும் தருவானாக.

வெட்கத்துடன்,
உன் மாமு

பி.கு.: இப்பத்தான் பதில் வந்துச்சு! "அந்தப் பதினோரு பேருக்காக டீசலைத் தொடர்றேன் பாய். ஆனா வருத்தத்துல பச்சைத் தண்ணிகூட இறங்காம எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க, ரெண்டு பேர் தாங்கிப் பிடிச்சாத்தான் நடக்குறீங்கன்னு எழுதியிருக்கீங்களே, மனசு கேக்கலை. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாக்குறேன்." மருமகளே, அஞ்சு நாள்ல எளைக்க வழி இருந்தா வெரசா சொல்லு. தாங்கிப் பிடிக்க ரெண்டு பேரைக் கந்தம்மாகிட்டக் கடன் கேட்டிருக்கேன்.