புவியீர்ப்புக்கு அடங்காத பெண்

சாயங்காலம் வீட்டுக்கு வந்த பௌதிக வாத்தியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் அந்த வீடியோவின் மானத்தை இன்றைக்கு வாங்கிவிடுவது என்று ஒரே தீர்மானம்.

வீடியோவில், தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் மொட்டைமாடியில் ஓடிவந்து, குறுகிய சந்து ஒன்றைத் தாண்டிப் பக்கத்துத் தாழ்ந்த மாடியில் குதிக்கிறாள். தெரிவது முதுகு மட்டும். காலையில் வந்த வீடியோ, அதற்குள் மூன்று லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது.

"சுத்தப் பித்தலாட்டம்!" என்றார், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம். "நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டேன். அந்தரத்துல இருந்தது அரை விநாடி. மேல எம்பவும் இல்லை, ஓடின வாக்குல பாயறா. அரை விநாடில எதுவா இருந்தாலும் ஒன்னேகால் மீட்டர்தான் விழும். இவ ரெண்டரை மீட்டர் விழறா! புவியீர்ப்பு இவளுக்கு மட்டும் டபுளா?"

"ரெண்டரைன்னு யார் சொன்னா?" அவள் நிமிரவே இல்லை.

"பக்கத்துல தண்ணித் தொட்டி இருக்கே! ரெண்டு மீட்டர் உயரம். அதை வச்சுக் கணக்குப் போட்டேன்."

"அது ஒரு மீட்டர்தாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பச்சை உறை போட்டிருக்கே, அதைத் தைச்சதே நான்தான். டேப் வச்சு அளந்தேன். எல்லாத்தையும் பாதியாக்குங்க."

பாதியாக்கினார். ஒன்றேகால். அச்சு அசலாக ஒன்றேகால்! மத்தியானம்தான் அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் போர்டு நிறைய எழுதி, "பொய்" என்று அடிக்கோடு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"இரு, இரு. நீ உறை தைச்ச தொட்டின்னா... அது நம்ம மாடி!"

"இப்பவாவது அடையாளம் தெரிஞ்சுதே."

"நம்ம மாடில எவ ஏறினா?"

மெஷின் நின்றது. அவள் முழங்காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைக் காட்டினாள்.

வாத்தியார் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீயா? மூணு மாடி ஆழம்டி அந்தச் சந்து! கத்தி யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே!"

"கத்தினேன். எதிர்வீட்டுக்காரி ஓடி வந்தா. வந்து வீடியோ எடுத்தா."

"அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"அடுப்புல பால் வச்சிருந்தேன். பொங்கி நெருப்பை அணைச்சுட்டா வீடு முழுக்க கேஸ்."

"சரி, படிக்கட்டு எதுக்குக் கட்டியிருக்கு? அது வழியா இறங்கினா ஆகாதா?"

"உங்க பேன்ட் பையில கையை விட்டுப் பாருங்க."

விட்டார். மாடிக் கதவுச் சாவி இருந்தது.