ஒட்டுக்குக் கீழே

பிடிவாதக்காரர்களிடம் ‘இது நடக்காது’ என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிடுவார்கள். நான் தூக்கினேன்.

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், என் மாமனாருக்குக் கிணற்றோரமாக ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் திராட்சை வைக்கப்போகிறேன் என்றதும் அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“திராட்சையா? இன்னாமா சொல்ற? நல்லா கடலை வெளையிற எடமாச்சே!”

“வர்லன்னா என்னைக் கேளுங்க மாமா.”

(பிறகு கேட்டார். ஊரே கேட்டது.)

பண்ணையில் ஒட்டுக் கன்றுகள் வாங்கிவந்தேன். காட்டுத் திராட்சையின் தண்டில் நல்ல ரகத்தின் குச்சியை ஒட்டவைத்து வளர்த்தவை. கீழே இருப்பது மண்ணோடு மல்லுக்கட்டும். மேலே இருப்பது பழம் கொடுக்கும். குழியில் தொழுவுரம் போட்டேன். தண்ணீர் தேங்காமல் மேடு கட்டினேன். ஏறுவதற்கு மூங்கில் குச்சி நட்டேன். மலைக்காற்றில் சாயக் கூடாதே என்று அடியில் மண் அணைத்தேன். பார்க்கும்போதெல்லாம் அணைத்தேன். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு அணைத்ததில்லை.

துளிர்கள் வந்தன. ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும். ஒவ்வொரு கன்றிலும் நோஞ்சானைக் கிள்ளிவிட்டுக் கொழுத்ததை விட்டேன். கொடிகள் வெறிபிடித்த மாதிரி வளர்ந்து பந்தலில் ஏறின. மாமனார் தினமும் வந்து பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். எனக்குத் தலை பந்தலுக்கு மேலே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கலா, ஒடுகத்தூரிலிருந்து தன் மாமனாரை அழைத்துக்கொண்டு வந்தாள். அவருக்கும் திராட்சை வைக்க ஆசை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“முக்கியமான வேலை இன்னான்னா, ஒட்டுக்குக் கீழ வர்ற துளிர ஒடனே கிள்ளிடணுங்க. வுட்டா, காட்டுக்கொடிதான் பந்தல் பூரா ஏறும். ஒரு பழம் தேறாது.”

“அந்த ஒட்டு எங்கமா இருக்குது? காட்டு, பாக்கலாம்,” என்றார் கலாவின் மாமனார்.

குனிந்து மண்ணைத் தள்ளினேன். இன்னும் தள்ளினேன். ஒட்டுக்குச் சுற்றிய நாடா தெரிந்தது. அதற்கு மேலே, நான் கிள்ளியதில் காய்ந்துபோன ஒரு குச்சி. நாடாவுக்குக் கீழேயிருந்து புறப்பட்டு, பந்தல்வரை கம்பீரமாகப் போயிருந்தது என் செல்லக்கொடி.

அடுத்த கன்றுக்கு ஓடினேன். அங்கேயும் அதே கதை. அதற்கடுத்ததுக்கு ஓடினேன். கலாவின் மாமனாரும் பின்னாலேயே ஓடிவந்தார், பாவம், இதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்து.

கலாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “அண்ணி, நல்லத மட்டும் தேடித் தேடிக் கிள்ளியிருக்கீங்க!” என்று வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

என் மாமனார் சிரிக்கவில்லை. “ஏம்மா, புடுங்கிட்டுக் கடலை போட்றலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

“வேரு நல்லாத்தான் இருக்குது மாமா. புடுங்க வுட மாட்டேன்.”

பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். மழைக்காலம் ஓய்ந்ததும் கொடிகளை அடியில் வெட்டிவிட்டு, அந்தத் தண்டைப் பிளந்து, நல்ல ரகத்துக் குச்சியைச் செருகிக் கட்டலாம் என்றார். முருங்கைக் குச்சியில் பழகினேன். விரல்களில் பிளாஸ்திரி இல்லாத இடமே இல்லை. முதலில் கட்டியவை காய்ந்தன, மறுபடியும் கட்டினேன். பிடித்தது. இந்த முறை ஒட்டின் பக்கம் ஒரு பிடி மண்ணை அண்டவிடவில்லை. கீழே வந்த துளிர் ஒவ்வொன்றையும் பழி தீர்ப்பதுபோல் கிள்ளினேன்.

முதல் கொத்து பழுத்ததும் மாமனாரிடம் நீட்டினேன். ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“புளிக்குது,” என்றார். “ஆனா திராட்சதாம்மா.”

அடுத்த ஆண்டு இனித்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. சொந்தத்தில் எங்கே பெண் பார்க்கப் போனாலும், மாப்பிள்ளை பார்க்கப் போனாலும், ‘நல்ல வளர்த்தி’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கலா ஆரம்பித்துவிடுவாள்: “எதுக்கும் எங்க அண்ணி வந்து மண்ணத் தள்ளிப் பாக்கட்டும்!”

நானும் விடுவதில்லை. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.